பிள்ளையாருக்குப் போட்ட கூண்டு

“பாத்துடா, பாத்து! சாமி மேல இடிக்காம தூக்குங்க!”

சுப்பிரமணி கத்தியது, கூண்டைத் தூக்கிய நான்கு ஒடிசாக்காரப் பையன்களுக்கும் புரியவில்லை. சாமி மேல் இடிக்கக் கூடாது என்பதற்கு மொழி எதற்கு? அவர்கள் பதமாகத்தான் தூக்கினார்கள். மஞ்சள் உரிந்த இரும்பு வலைக் கூண்டு முனகிக்கொண்டே மேலே எழுந்தது. உள்ளே இருந்த பிள்ளையார் ஜாமீனில் வந்தவரைப் போல வெயிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கூண்டு நின்ற இடத்தில், பீடத்தின் கிரானைட்டில், துருக்கறை சதுரமாகப் படிந்திருந்தது.

சின்னப்பொண்ணு துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தானை மடிப்பில் அன்றைய செம்பருத்தி இருந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் குருக்கள் வருவார். மற்ற நாட்களில் கம்பெனிப் பிள்ளையாருக்குப் பூ வைப்பதும் சூடம் காட்டுவதும் அவள்தான். பக்தி என்று பெரிதாகச் சொல்ல முடியாது. அந்தக் கம்பெனியில் யாருடைய வேலையும் இல்லை என்று ஒரு வேலை இருந்தால், அது கடைசியில் காண்ட்ராக்ட் துப்புரவுக்காரிகள் தலையில்தான் வந்து விழும். சாமியும் அப்படித்தான் வந்து விழுந்தார்.

“இன்னாமே பாத்துக்கினு நிக்கற? வழிய வுடு,” என்றான் சுப்பிரமணி. அவள் புருஷன்தான். அதே கம்பெனியில் பிட்டர். அவன் நிரந்தரம், அவள் காண்ட்ராக்ட். அந்த வித்தியாசத்தை வீட்டில் சாப்பிடும்போதுகூட அவன் மறப்பதில்லை.

“சாமிய ரிலீஸ் பண்ணிட்டீங்களா?”

“காலங்காத்தாலயே ஆரம்பிக்காத.”

“நா எங்க ஆரம்பிச்சேன்? எல்லாம் முடிஞ்சி போனப்புறம் நீங்கதான ஆரம்பிக்கறீங்க.”

பையன்கள் கூண்டைத் தோளில் வைத்துக்கொண்டு வார்ப்புக்கூடத்தின் பக்கம் நடந்தார்கள். பாடை மாதிரி இருந்தது. பின்னாலேயே சுப்பிரமணி போல்ட்டும் ஸ்பானருமாகப் போனான். கேட்டுக்கு வெளியே சிப்காட் ரோட்டோரம் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளில் ஒன்று தலையைத் தூக்கிப் பிள்ளையார் கழுத்து மாலையைப் பார்த்தது. இத்தனை நாள் வலைக்கு அந்தப் பக்கம் இருந்த மாலை.

அந்தக் கூண்டு பிள்ளையாருக்காகச் செய்தது இல்லை. உள்ளே மணல் பெல்ட் என்று ஒன்று ஓடுகிறது. அது பம்பு உறை வார்க்கிற கம்பெனி. வார்த்து, ஆறவைத்து, உடைத்தெடுக்கும்போது உதிர்கிற கருமணலை அந்தப் பெல்ட்தான் திரும்ப மணல் கலக்கிற இடத்துக்குச் சுமந்துகொண்டு போகும். அதன் கடைசி முனையில் ஒரு உருளை. பெல்ட் அந்த உருளையைச் சுற்றிக்கொண்டு திரும்பும். பெல்ட்டும் உருளையும் ஒட்டுகிற இடம் ஒரு வாய். அதில் எது போனாலும் பெல்ட் மென்றுவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். மெஷினைச் செய்தவனுக்கு அது தெரிந்திருந்தது. அதனால் உருளையை மூடி வலைக்கூண்டு ஒன்று செய்து, மஞ்சள் அடித்து, போல்ட் போட்டு முடுக்கிக் கொடுத்திருந்தான்.

ஒரு ஆயுத பூஜைக்கு அந்தக் கூண்டைக் கழற்றினார்கள். உருளைக்குச் சந்தனம் தடவ வேண்டும், குங்குமம் வைக்க வேண்டும், வலைக்கு வெளியே இருந்து எப்படி வைப்பது? வைத்தார்கள். பொரி கொடுத்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். மறுநாள் கூண்டை மாட்டலாம் என்றபோது பிளான்ட் மேனேஜர் பாக்கியராஜ் வந்து பார்த்தான். கூண்டு இல்லாமல் இருந்தால் உள்ளே சேர்கிற மணலை வாரிப்போடுவது சுலபமாக இருக்கிறது, பெல்ட்டை நிறுத்த வேண்டியதில்லை என்று கண்டுபிடித்தான். பெரிய கண்டுபிடிப்பு. கூண்டு சுவரோரம் சாய்ந்தது. சின்னப்பொண்ணுவும் அவளோடு மண் வாருகிற முத்தம்மாவும் கேட்டுப்பார்த்தார்கள்.

“சார், அந்த கூண்டு இல்லாம பயமா கீது சார்.”

“அடுத்த ஷட்டவுன்ல மாட்டிடலாம்மா.”

அடுத்த ஷட்டவுன் வந்தது, போனது. அதற்கடுத்ததும் வந்தது, போனது. பிறகு ஒரு நாள் முதலாளியம்மா காரில் வந்து, தன் கையாலேயே பிள்ளையாருக்கு ரோஜா மாலை சாத்திவிட்டு, ஆபீசுக்குள் போய்க் காபி குடித்துவிட்டு வெளியே வந்தாள். ஆடு மாலையைத் தின்றுகொண்டிருந்தது. முதலாளியம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அன்று பொழுது சாய்வதற்குள் கூண்டு பிள்ளையார் மேல் ஏறியது. பெண்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன ஒரு காரியத்தை ஒரு ஆடு ஒரே ஒரு மாலையில் சாதித்துவிட்டது என்று முத்தம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சூடம் காட்ட வழி வேண்டுமே என்று வலையில் ஒரு கதவு வெட்டினான் சுப்பிரமணி. கேஸ் கட்டரைப் பற்றவைப்பதற்கு முன்னால் பெண்டாட்டியைக் கூப்பிட்டான். “கைய நீட்டுமே, தட்டோட.” அவள் நீட்டினாள். மணிக்கட்டுக்கு மேல் இரண்டு விரல் தள்ளிச் சாக்பீசால் கோடு போட்டுக்கொண்டான். “கை போற அளவுக்குத்தான். அதுக்கு மேல வெட்டுனா ஆடு மூஞ்ச வுட்டுடும்.” கீல் வைத்து, கொண்டி வைத்து, ஓரங்களை அரத்தால் ராவி, நன்றாகத்தான் செய்தான். ஆண்டு விழா மேடையில் முதலாளியம்மா அவனுக்குச் சால்வை போர்த்தினாள். அந்தச் சால்வை இன்னும் பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்திருக்கிறான்.

பெல்ட்டின் வாயில், அவர்களோடு மண் வாருகிற சின்னப் பெண் மெர்சியின் கை போனது போன வாரம்.

அதற்கு மறுநாளே கூண்டைக் கொண்டுவந்து மாட்டியிருக்கலாம். ஆனால் கோயம்புத்தூருக்குச் சரக்கு ஏற்ற லாரி காத்துக்கொண்டிருந்தது. மாட்ட வேண்டுமென்றால் பெல்ட்டை நிறுத்த வேண்டும். கழுவுவதற்கு நிறுத்தியதே போதும் என்றான் பாக்கியராஜ். நேற்று சாயங்காலம் தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீசிலிருந்து போன் வந்தது, காலையில் ஆபீசர் வருகிறார் என்று. இன்று காலையில் பிள்ளையாருக்கு ஜாமீன்.

கேன்டீன் கொட்டகையில் நாஷ்டா முடிந்ததும் பெண்களை மட்டும் இருக்கச் சொன்னார்கள். பாதுகாப்பு அதிகாரி சடகோபன் முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். திருவள்ளூரிலிருந்து வருகிறவன், கோயில் கைங்கரியக் குடும்பம், சின்ன வயசு, நல்ல பிள்ளை. நல்ல பிள்ளைகளை வைத்துத்தான் இந்த மாதிரி காரியங்களைச் செய்வார்கள். மார்ச் மாதம் பாதுகாப்பு வாரத்தில் உறுதிமொழி வாசித்து, வாசகப் போட்டி வைத்து, கோலப் போட்டி வைத்து, மிக்சர் பொட்டலம் கொடுத்தவன் அவன். இந்த வருஷம் கோலத்தில் முதல் பரிசு மெர்சிக்கு. ஹெல்மெட்டுக்குள் ஒரு பூ வைத்துப் போட்டிருந்தாள். பரிசு ஒரு சாப்பாட்டுப் பை.

“நான்தான் ஆபீசர்னு வெச்சுக்கோங்க,” என்றான் சடகோபன்.

“ஆபீசரு இம்மாம் ஒல்லியாவா இருப்பாரு?” என்றாள் முத்தம்மா. பெண்கள் சிரித்தார்கள்.

“முத்தம்மா, விளையாடாதீங்க. சொல்லுங்க. மெர்சி அன்னிக்கு என்ன டிரெஸ்ல இருந்தாங்க?”

“சொல்லிக் குடுத்தபடி சொல்லட்டா, பாத்தபடி சொல்லட்டா?”

“சொல்லிக் குடுத்தபடி.”

“துப்பட்டாவ லூசா வுட்டுக்கினு இருந்தா சார். நாங்க எவ்ளோ சொன்னோம். கேக்கல.”

“‘நாங்க எவ்ளோ சொன்னோம்’ வேண்டாம். ‘பயிற்சியில் பலமுறை அறிவுறுத்தப்பட்டது’ன்னு சொல்லுங்க.”

“அது எங்க வாயில நொழையாது சார்.”

வாசலில் நின்று போனைத் தடவிக்கொண்டிருந்த பாக்கியராஜ் தலையைத் தூக்காமலேயே, “நொழையற மாதிரி எதையாவது சொல்லச் சொல்லுய்யா. டைம் ஆகுது,” என்றான்.

சடகோபன் சின்னப்பொண்ணுவின் பக்கம் திரும்பினான். அவள் முகத்தைப் பார்க்காமல் அவளுக்குப் பின்னால் இருந்த தண்ணீர் டிரம்மைப் பார்த்துப் பேசினான்.

“உங்களத்தான் முக்கியமா கேப்பாரு. நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க.”

“ஆமா. இருந்தேன்.”

“நீங்க அந்தப் பக்கம் திரும்பி மண் அள்ளிக்கிட்டு இருந்தீங்க. சத்தம் கேட்டுத்தான் திரும்பினீங்க.”

“யாரு, நானா?”

“ஆமாம்மா.”

“செரி. திரும்பி ரோப்ப புடிச்சிக்கினு தொங்குனேனே, அத இன்னா பண்றது?”

சடகோபன் பாக்கியராஜைப் பார்த்தான். பாக்கியராஜ் இப்போது தலையைத் தூக்கினான். “ரோப் பத்தி யாரு கேக்கப்போறா? கேட்டா, இழுத்தீங்க, பெல்ட் நின்னுது. முடிஞ்சுது. புரியுதா?”

“நின்னுதா?” என்றாள் சின்னப்பொண்ணு. ஊர்க்கதையில் தெரியாத ஒன்றைக் கேட்டுக்கொள்வது போலக் கேட்டாள்.

“நின்னுது.”

பெல்ட்டின் நீளத்துக்கும் ஓரமாக ஒரு சிவப்புக் கயிறு ஓடும். ஆபத்தென்றால் எந்த இடத்தில் பிடித்து இழுத்தாலும் பெல்ட் நின்றுவிட வேண்டும். அதற்குத்தான் அந்தக் கயிறு. ஆனால் கம்பெனியில் பை மாட்ட வேறு ஆணி கிடையாது. எல்லாரும் சாப்பாட்டுப் பையைக் கயிற்றில் மாட்டினார்கள். பை கனத்துக்குப் பெல்ட் அடிக்கடி நின்றது. பையை மாட்ட ஒரு ஆணி அடித்துக் கொடுத்திருக்கலாம். கயிறு முடிகிற பெட்டியின் நெம்புகோலைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். பிறகு எத்தனை பை மாட்டினாலும் பெல்ட் நிற்கவில்லை. அது ஒரு வசதி.

அன்று மெர்சி உருளையில் ஒட்டிய மணல் கட்டியைக் கம்பியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் சொன்ன வேலை, பெல்ட்டை நிறுத்தாமல் செய்யச் சொன்ன வேலை. துப்பட்டா கம்பெனிச் சட்டைக்குள், முதுகில் முடிச்சுப் போட்டு, பத்திரமாக இருந்தது. அந்த முடிச்சைப் போட்டுவிட்டதே சின்னப்பொண்ணுதான். கம்பி போனது, கம்பியைப் பிடித்த கை போனது. சின்னப்பொண்ணு ஓடிவந்து கயிற்றைப் பிடித்து, தன் உடம்பு முழுவதையும் அதில் போட்டு, கால் தரையில் படாமல் தொங்கினாள். பைகள் ஆடின. மெர்சியின் பரிசுப் பை அவள் கன்னத்தில் மோதி மோதி ஆடியது. பெல்ட் தன்பாட்டுக்கு ஓடியது. கோடியில் இருந்த சுவிட்ச் பேனலுக்கு யாரோ ஓடிப்போய் நிறுத்துவதற்குள் நடப்பது நடந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை, வெள்ளைத் துணி மட்டும். பெண் அழவில்லை. அவள் ஊர் கவரைப்பேட்டையில் பேசிக்கொள்கிறார்களாம். அதுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

“நா போன பாத்துக்கினு, சிரிச்சி பேசிக்கினு கைய வுட்டேன்னு கம்பெனியில சொல்றாங்களாம்க்கா. எங்கம்மாவே கேக்குதுக்கா, நெஜமாடீன்னு. நீ இருந்தல்ல? நீ மட்டும் சொல்லுக்கா. வேற ஒண்ணும் வேணாம்.”

“சொல்றேன்,” என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்வார்கள். சொன்னதைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போதுதான் அதன் கனம் தெரியும்.

கேன்டீனிலிருந்து வெளியே வந்தபோது கம்ப்ரசர் ரூம் பின்னால் சுப்பிரமணி காத்துக்கொண்டிருந்தான். கையெல்லாம் மஞ்சள் பெயின்ட். கூண்டை மாட்டியாயிற்று, வர்ணமும் அடித்தாயிற்று.

“தே, இங்க வா. இன்னிக்கி ஒரு நாளு வாய மூடிக்கினு இருந்துடு.”

“எம் வாயாலதான் பேஜாரா ஒங்களுக்கு?”

“பாக்கியராஜ் என்னக் கூப்புட்டு வெச்சி சொல்றான். கூண்ட கழட்னது யாரு? பிட்டரு. கதவு வெட்னது யாரு? பிட்டரு. ரோப்புக்கு கம்பி கட்னது யாரு? பிட்டரு. அவன் சொல்லித்தான் செஞ்சேன்றதுக்கு இன்னா அத்தாட்சி கீதுன்றான்.”

“அத்தாட்சிதான் பீரோவுல மடிச்சி வெச்சிக்கீறியே, சால்வ.”

“வெளையாட்டில்லமே. வேல பூடும். போலீசு கேசு வேற. மெர்சிக்குப் போன கை திரும்பி வரப்போறதில்ல. இருக்கற வேலய எதுக்கு தொலைக்கணும்?”

“ஒனுக்கு ரெண்டு கை கீது. வேற எங்கனா தேடிக்கோ.”

“இந்த வயசுல எவன் குடுப்பான்?”

“அந்த வயசுல அவளுக்கு எவன் குடுப்பான்?”

அவன் ஒவ்வொரு விரலிலும் காய்ந்திருந்த பெயின்ட்டை உரித்துக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக இருந்தது, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. பாவமாக இருந்ததால் எரிச்சல் கூடியது. கல்யாணமான புதிதில் மிக்சியைக் கழற்றிப் போட்டுவிட்டு மாட்டத் தெரியாமல் இதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தான். இவன் கெட்டவன் இல்லை. சொன்னதைச் செய்கிறவன். கெட்டவனாக இருந்தாலாவது தானாக ஒன்றை யோசித்திருப்பான்.

“கம்பிய வெட்டிட்டியா?” என்றாள்.

“எந்த கம்பி?”

“ரோப்புக்கு கட்ன கம்பி.”

“அது…” அவன் குரல் இறங்கியது. “மத்தியானத்துக்கு மேல வெட்டிக்கலாம்ன்னுட்டான். பெல்ட்டு ஆட்டத்துக்கே ரோப்பு இழுத்துக்கினு நின்னுடுதாம். ஆபீசரு எதிர்ல மிசினு நின்னா கம்பெனிக்கு அசிங்கமாம்.”

சின்னப்பொண்ணுவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்காமல் வார்ப்புக்கூடத்துக்குள் போனாள்.

உள்ளே கல்யாண வீடு மாதிரி இருந்தது. தரையைக் கழுவியிருந்தார்கள். கயிற்றில் தொங்கிய பைகளையெல்லாம் எடுத்து மூலையில் குவித்து, கயிற்றைச் சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்து ரத்தச் சிவப்பாக ஆக்கியிருந்தார்கள். குவியலுக்கு மேல் கோலப் போட்டிப் பை கிடந்தது. “இது யாரோடது?” என்று சடகோபன் கேட்டான். கேட்ட பிறகு அவனுக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். அதைத் தொட்ட கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். சின்னப்பொண்ணு போய் அந்தப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

ஆபீசர் சொன்ன நேரத்துக்கு மேலேதான் வந்தார். தொந்தி, வெள்ளைச் சட்டை, முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. கேட்டில் இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பிள்ளையாருக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “நல்லா காத்தாட உக்காந்திருக்காரு. சில கம்பெனியில கம்பி போட்டு அடைச்சு வெச்சிருப்பாங்க,” என்றார். பாக்கியராஜ் பல்லைக் காட்டினான். காவல்காரன் ஆட்டை விரட்டினான். ஆபீஸ் ரூமில் இளநீர் கொடுத்து, ஹெல்மெட் போட்டுவிட்டு, சுவரில் ஒட்டிய வாசகங்களை வரிசையாகக் காட்டிக்கொண்டே உள்ளே கூட்டிவந்தார்கள். அவர் ஒவ்வொன்றையும் நின்று வாசித்தார். நல்ல தமிழ் வாசகங்கள்.

பெல்ட்டின் கடைசி முனையில் புத்தம்புதிதாக நின்றது கூண்டு. ஆபீசர் கிட்டே போய்க் கையை நீட்டினார்.

“தொடாதீங்க சார், ஈரம்!” சடகோபன் வாயிலிருந்து தப்பி வந்துவிட்டது.

“ஈரமா?”

“ரெகுலர் மெயின்டெனன்ஸ் சார்,” என்றான் பாக்கியராஜ். “கலர் மங்கவே விடமாட்டோம்.”

ஆபீசர் கூண்டைச் சுற்றிக் குனிந்து பார்த்தார். “இது என்ன, கதவு?”

“இன்ஸ்பெக்‌ஷன் விண்டோ சார். உருளையப் பாக்கறதுக்கு.”

“வலையிலயே தெரியுதே.”

“கிரீஸ் வைக்கவும் சார்.”

“ம்,” என்றார் ஆபீசர். அந்த ‘ம்’மில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. நம்பினாரா, நம்பின மாதிரி இருந்துகொண்டாரா, பசியா. பெயின்ட்டின் கீழே ஒரு இடத்தில் குங்குமம் ஊறி, மஞ்சளில் ஆரஞ்சாகப் பூத்திருந்தது. அதை அவர் பார்த்தாரா என்றும் தெரியவில்லை.

“ஓட்டிக் காட்டுங்க.”

பெல்ட் ஓட ஆரம்பித்தது. மணல் இல்லாத வெறும் பெல்ட், நல்ல வேகம். கூண்டுக்குள் உருளை பளபளவென்று சுற்றியது.

“சம்பவத்தப்ப பக்கத்துல இருந்தது யாரு?”

பெண்கள் விலகி வழிவிட்டார்கள். சின்னப்பொண்ணு முன்னால் வந்தாள். கொஞ்சம் தள்ளிக் கயிற்றுக்குப் பக்கத்தில் சுப்பிரமணி நின்றிருந்தான். கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, சபையில் நிறுத்திய பையன் மாதிரி.

“பேரு என்னம்மா?”

“சின்னப்பொண்ணு.”

“அன்னிக்கு எங்க நின்னீங்க? அங்க போய் நின்னு காட்டுங்க.”

போய் நின்றாள். கூண்டுக்குப் பக்கத்தில், கதவு எட்டுகிற இடம்.

“அந்தப் பொண்ணு?”

“இங்க.” தன் வலது தோளுக்குப் பக்கத்துக் காற்றைக் காட்டினாள்.

“துப்பட்டா தொங்கிக்கிட்டு இருந்துதுன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க பாத்தீங்களா, இல்ல திரும்பி நின்னீங்களா?”

எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். பாக்கியராஜ் பார்த்தான். சடகோபன் தரையைப் பார்த்தான். அவள் சுப்பிரமணியைப் பார்த்தாள். அவனுடைய கண்கள் நாய்க்கண்களாகக் கெஞ்சின. சொன்னால் இவன் போவான். இவனை மாட்டிவிட்டுப் பாக்கியராஜ் அடுத்த ஆயுத பூஜைக்குப் பொரி கொடுப்பான். சொல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் இருக்கிறவள் சிரித்துப் பேசிக்கொண்டு கையை விட்டவளாகவே காலம் முழுக்க இருப்பாள். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லி இந்த ஆம்பிளைகள் தன் முன்னால் தாம்பாளத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கூண்டைக் கழற்ற இவளைக் கேட்டார்களா? கம்பி கட்டக் கேட்டார்களா? கதவுக்கு அளவெடுக்க மட்டும் இவள் கை வேண்டியிருந்தது.

அவளுக்குத் தன் கை கனப்பது தெரிந்தது. முந்தானை மடிப்பில் செம்பருத்தி வாடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு இன்னும் பூ வைக்கவில்லை.

“இன்னா சார் கேட்டீங்க?” என்றாள்.

“துப்பட்டா.”

“ஒரு நிமிசம் இருங்க சார்.”

அந்தக் கதவின் கொண்டி கொஞ்சம் முரடு. லேசாக மேலே தூக்கிவிட்டுத்தான் தள்ள வேண்டும். தெரியாதவர்கள் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. ஆபீசரைப் பார்த்துக்கொண்டே இடது கையால் தூக்கித் தள்ளினாள். கீல் தினமும் காலையில் கத்துகிற மாதிரியே கீச்சென்று கத்தியது. வலது கையில் பூ. தினமும் போகிற வழிதான் என்று கை தானாக உள்ளே போனது.

ஆபீசரின் கண்கள் முதல் முறையாகத் தூக்கம் கலைந்து விரிந்தன. “ஏம்மா, என்ன பண்றீங்க?”

“தெனமும் பண்றதுதான் சார்.”

“ஏய்! சின்னப்பொண்ணு! கைய எடுறீ!”

கத்தியது சுப்பிரமணி. கத்தியவன் பாய்ந்து கயிற்றைப் பிடித்து இழுத்தான். கயிறு விறைத்தது. கோடியில் பெட்டிக்குள் கட்டுக்கம்பி கிறீச்சிட்டது. பெல்ட் ஓடியது. மறுபடி இழுத்தான். தான் கட்டிய முடிச்சு எவ்வளவு இறுக்கம் என்று அவனைவிடத் தெரிந்தவர் அங்கே இல்லை, ஆனாலும் இழுத்தான். இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு முழுவதையும் அதில் போட்டு, கால் தரையை விட்டு எழும்பத் தொங்கினான்.

அவள் கை எப்போதோ வெளியே வந்திருந்தது. மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்ட மாதிரி மஞ்சள் பெயின்ட். பூ மட்டும் உள்ளே இல்லை, வெளியேயும் இல்லை. உருளையில் ஒரு சிவப்புத் தீற்றல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

யாரும் பேனலுக்கு ஓடவில்லை. ஆபீசர் உருளையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, சோப்புப் போட்டுக் கழுவின அந்தச் சிவப்புக் கயிற்றைப் பார்த்தார். சுப்பிரமணி அதை இன்னும் விடவில்லை.